டிரெய்லரில் கார் ஏற்ற ஒரு வின்ச்: வாங்குவதும் பொருத்துவதும்

காரிமங்கலம் பக்கம் சாலையோரமாக ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார், ஜீப் ஆகியவற்றை வாங்கிச் சரிசெய்து விற்பதுதான் தொழில். தொப்பூர் கணவாயில் கிளட்ச் கருகி நின்ற வண்டி, அரூரில் ஐந்து வருடமாகப் புளியமரத்தடியில் கிடந்த அம்பாசிடர், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் ஓய்ந்துபோன மினி டிராக்டர் என எல்லாமே பிக்கப்புக்குப் பின்னால் மாட்டும் என் டிரெய்லரில்தான் வந்து சேரும். ஆரம்ப நாட்களில் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஏற்றினோம். அது கட்டுப்படியாகவில்லை. ஆள் கூலியைவிட டீச்செலவு அதிகமாயிற்று.

பிறகு கையால் சுற்றும் வின்ச் ஒன்று வாங்கினேன். வின்ச் என்பது கயிற்றை உருளையில் சுற்றிச் சுமையை இழுக்கும் கருவி. படகை டிரெய்லரில் ஏற்றுவதற்கென்று செய்யப்படும் வகை அது. பல்சக்கரத்தில் ஒரு நாக்கு விழும், அவ்வளவுதான், பிரேக் கிடையாது. ஏற்றும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் பாதிச் சாய்தளத்தில் இருந்த காரைத் திரும்ப இறக்க வேண்டி வந்தது. இறக்க வேண்டுமானால் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாக்கைத் தூக்க வேண்டும். தூக்கினேன். காரின் இழுவை முழுவதும் கைப்பிடிக்கு வந்தது. அது விசிறி போலச் சுழன்று மணிக்கட்டில் அடித்தது; கார் தானாகப் பின்னால் போய் வேலிக்கல்லில் முட்டி நின்றது. மூன்று வாரம் கையில் கட்டு.

அதனால் வின்ச் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எவ்வளவு இழுக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இழுத்ததைப் பிடித்து வைத்திருக்குமா என்று கேட்டீர்களா?

எவ்வளவு திறன் வேண்டும்?

கணக்கு கடினமானதல்ல. டிரெய்லர் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், சாய்பலகை 2.4 மீட்டர் நீளம் என்றால் சாய்வு நான்கில் ஒன்று. அப்படியானால் வண்டியின் எடையில் நான்கில் ஒரு பங்கு இழுவை, சாய்வுக்கு மட்டுமே போய்விடும். 1,200 கிலோ காருக்கு 300 கிலோ. நல்ல டயரும் கெட்டித் தரையும் இருந்தால் உருள்வதற்கு இன்னும் 25 கிலோ போதும். காற்றிறங்கிய டயர் என்றால் அது 100 கிலோவைத் தாண்டிவிடும்.

சிக்கல் உருளாத வண்டியில்தான். நெடுநாள் நின்ற காரில் பிரேக் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டுதான் வரும். அதன் மேல் நிற்கும் எடையில் சுமார் 70 சதவீதத்தைக் கூடுதலாக இழுக்க வேண்டும். அந்த 1,200 கிலோ காரில் இரண்டு சக்கரம் பூட்டியிருந்தால் மொத்த இழுவை 700 கிலோவைத் தாண்டும். நான்கும் பூட்டியிருந்தால் 1,100 கிலோவுக்கு மேல். ஆகவே நீங்கள் எந்த மாதிரி வண்டியை ஏற்றப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாருதி 800 சுமார் 650 கிலோ. அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல். பொலேரோ வகை வண்டிகள் 1,600 கிலோ அளவில் இருக்கும். ஓடுகிற காரை மட்டும் ஏற்றுகிறவருக்கும் என்னைப் போல் துருப்பிடித்ததைப் பொறுக்குகிறவருக்கும் ஒரே வின்ச் பொருந்தாது.

கடையில் வின்ச்சின் திறனைப் பவுண்டில் சொல்வார்கள். 2,000 பவுண்டு என்பது 907 கிலோ. 3,000 பவுண்டு 1,360 கிலோ. 4,500 பவுண்டு 2,040 கிலோ. இந்த எண்ணைக் கிலோ என்று நினைத்து வாங்கிவந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது உருளையில் கயிற்றின் முதல் சுற்றடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைக்கிற இழுவை. மேலே மேலே கயிறு ஏற ஏற உருளை தடித்துக்கொண்டே போகும். இழுவை குறைந்துகொண்டே வரும். 50 மி.மீ. உருளை, 6 மி.மீ. கயிறு என்று வைத்துக்கொண்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்றாம் அடுக்கில் 70 சதவீதம்தான் மிஞ்சுகிறது. நான்காம் அடுக்கில் 61. ஐந்தாம் அடுக்குக்குப் போனால் பாதிக்குச் சற்று மேல்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நீளமான கயிறு இருந்தால் நல்லது என்று 15 மீட்டர் கயிறோடு வாங்குவார்கள். 4 மீட்டர் தளமுள்ள டிரெய்லருக்குச் சாய்பலகையையும் சேர்த்து 7 மீட்டர் வெளியே வந்தாலே காரின் கொக்கியை எட்டிவிடும். மீதி 8 மீட்டர் எப்போதும் உருளையிலேயே கிடக்கும். அதாவது உங்கள் வின்ச் ஆயுள் முழுவதும் நான்காம் அடுக்கிலும் ஐந்தாம் அடுக்கிலும்தான் வேலை செய்யும். 9 மீட்டர் கயிறு போதும். 2 மீட்டர் உருளையில் நிற்கும். முதல் இழுப்பு முதல் அடுக்கிலேயே தொடங்கும். வண்டி தூரத்தில் நின்றால் நடுவில் ஒரு இழுவைப் பட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். கயிற்றை முழுவதும் உருவிவிடவும் கூடாது. கம்பிக் கயிறு என்றால் குறைந்தது ஐந்து சுற்று, நார்க்கயிறு என்றால் எட்டு முதல் பத்துச் சுற்று உருளையில் மிஞ்ச வேண்டும். பிடியைக் கொடுப்பது அந்தச் சுற்றுகள்தான். கயிற்று முனையை இறுக்கியிருக்கும் திருகு அல்ல.

கைவின்ச்சா, மின்வின்ச்சா?

மாதம் ஒருமுறை ஏற்றுகிறவருக்குக் கைவின்ச் போதும். ஆனால் பிரேக் உள்ள கைவின்ச் மட்டுமே. சுற்றும்போது கைப்பிடியை விட்டுவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். இறக்கும்போது எதிர்ப்புறம் சுற்றினால்தான் கயிறு விட வேண்டும். கடையிலேயே ஒரு ஆளைக் கயிற்றைப் பிடித்து இழுக்கச் சொல்லிக் கைப்பிடியை விட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாரத்தில் இரண்டு மூன்று முறை என்றால் 12 வோல்ட் மின்வின்ச். அதில் இருவகைப் பற்சக்கர அமைப்பு உண்டு. புழுப்பற்சக்கரம் (வார்ம் கியர்) மெதுவாக இழுக்கும். ஆனால் மின்சாரம் நின்ற இடத்தில் சுமையும் பெரும்பாலும் நின்றுவிடும். கோள்பற்சக்கரம் (பிளானட்டரி கியர்) வேகமானது, விலை குறைந்தது, கடைகளில் அதிகம் கிடைப்பதும் அதுதான். அதில் சுமையைத் தாங்குவது உருளைக்குள் இருக்கும் பிரேக். சுமையோடு நெடுநேரம் கயிறு விட்டால் அந்தப் பிரேக் சூடேறித் தளரும். நான் வைத்திருப்பது இரண்டாவது வகை. அதனால் இறக்கும்போது ஒரு மீட்டர் விடுவேன், நிறுத்துவேன், உருளையைத் தொட்டுப் பார்ப்பேன், பிறகுதான் அடுத்த மீட்டர்.

கயிறு விஷயத்தில் என் சாய்வை மறைக்கவில்லை: நார்க்கயிறுதான். கம்பிக் கயிறு அறுந்தால் சவுக்கு மாதிரி வீசும். பழசானால் இழை பிரிந்து கையைக் கிழிக்கும். நார்க்கயிறு அறுந்தாலும் அந்த வேகம் இராது. ஆனால் கூரான விளிம்பும் நம் ஊர்ச் சித்திரை வெயிலும் அதற்கு ஆகாது. வேலை முடிந்ததும் உறை போட்டு மூட வேண்டும். கயிறு வெளிவரும் வாயும் கயிற்றுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். கம்பிக்கு உருளைகள் வைத்த வாய். நாருக்கு வழவழப்பான அலுமினிய வாய். கம்பி ஓடிக் கோடு விழுந்த பழைய வாயில் புதிய நார்க்கயிற்றைப் போட்டால் ஒரே மாதத்தில் பஞ்சாகிவிடும்.

இன்னொன்று. பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளில் கழித்துவிட்ட கம்பிக் கயிறு மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் வாங்கி வின்ச்சில் சுற்றுகிறார்கள். கல் தூக்கி இழை அறுந்துதான் அதைக் கழித்திருப்பார்கள். அவர்களே வேண்டாம் என்று எறிந்ததை நாம் ஏன் எடுக்க வேண்டும்?

பொருத்துவதற்கு முன் ஒரு சாக்பீஸ்

வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன், ஏற்றப்போகிற வண்டி ஒன்றை நான்கு பேரைக் கொண்டாவது டிரெய்லரில் தள்ளி நிறுத்துங்கள். கடைசி முறையாக. பயணத்தின்போது அது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்திச் சக்கரத்தடியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிரெய்லரும் சுமையும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு, டிரெய்லரைப் பிக்கப்போடு மாட்டும் கப்ளிங் மேல் அழுந்த வேண்டும். 1,200 கிலோ கார், 500 கிலோ டிரெய்லர் என்றால் சுமார் 170 கிலோ. எடைமேடையில் கப்ளிங் அருகே உள்ள சிறு சக்கரத்தை மட்டும் ஏற்றினால் அளவு தெரிந்துவிடும். எடை பின்னால் போனால் டிரெய்லர் பாம்பு போல் நெளியும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் இறக்கத்தில் இறங்கும்போது அது நெளியத் தொடங்கினால் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

இந்தக் கோட்டை வைத்துத்தான் வின்ச்சின் இடம் முடிவாகும். வண்டியின் மூக்கு கோட்டருகே வரும்போது வின்ச்சுக்கும் அதற்கும் நடுவே அரை மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். குனிந்து கொக்கியைக் கழற்ற இடம் வேண்டுமல்லவா? டிரெய்லரின் நடுக்கோட்டில் வையுங்கள். ஒரு அங்குலம் விலகினாலும் கயிறு ஒரு பக்கமாகவே குவிந்து சுற்றும். உயரம், தளத்தில் நிற்கும் காரின் இழுவைக் கொக்கி மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. வின்ச் மேலே இருந்தால் காரின் மூக்கைத் தூக்கப் பார்க்கும்.

வெல்டிங் பட்டறையில்

வின்ச்சை நேராக டிரெய்லரின் முன்சட்டத்தில் வைத்து முடுக்காதீர்கள். 8 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை வெட்டி, இரண்டு பக்கச் சட்டங்களிலும் பதியும்படி வைத்து, அதன் மேல் வின்ச்சை வையுங்கள். இழுவை அப்போது ஒரு குழாயில் மட்டும் விழாமல் சட்டம் முழுவதும் பரவும். தகட்டைச் சட்டத்தோடு வெல்டிங் செய்யலாம். வின்ச்சைத் தகட்டோடு போல்ட்டில் மட்டுமே பொருத்த வேண்டும். வின்ச்சின் உடலில் நெருப்பு பட்டால் உள்ளிருக்கும் கிரீஸும் சீலும் போய்விடும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று அதன் வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். ஒன்றும் பொறிக்காத போல்ட் வேலிக்கு ஆகும், வின்ச்சுக்கு ஆகாது. சதுரக் குழாயில் துளையிட்டு முடுக்கினால் குழாய் நசுங்கும். நசுங்க நசுங்கப் போல்ட் தளரும். துளைக்குள் தடித்த குழாய்த் துண்டு ஒன்றை நுழைத்து, அதன் வழியாகப் போல்ட்டை விடச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் "இது இல்லாமலே நிற்கும் அண்ணா" என்பார். நிற்கும்தான், கொஞ்ச நாள்.

பின்பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது; வின்ச் வாங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதை மறக்கிறார்கள். கார் சாய்பலகையிலிருந்து தளத்துக்கு ஏறும் கணத்தில் எடை முழுவதும் டிரெய்லரின் வாலில் இருக்கும். வால் அழுந்தும், முன்பக்கம் எழும், அதோடு பிக்கப்பின் பின்சக்கரமும் எழும். பிக்கப்பின் கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களில்தான். அவை தரையை விட்டால் பிக்கப், டிரெய்லர், கார் மூன்றும் ஒன்றாக நகரத் தொடங்கும். எனவே வாலின் இரு மூலையிலும் திருகி இறக்கும் கால்களை வைத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் ஏற்றும்போது இரண்டு மரக்கட்டைகளையாவது முட்டுக்கொடுங்கள்.

ஒயரிங்

வின்ச் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவற்றில் வின்ச் நன்றாகவே இருந்தது. ஒயர்தான் மெலிதாக இருந்தது. 3,000 பவுண்டு வின்ச் திணறும்போது 150 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். பிக்கப்பின் பேட்டரியிலிருந்து டிரெய்லர் முன்முனை வரை 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர் ஒயர். 16 சதுர மி.மீ. செம்பு ஒயரில் அந்த மின்னோட்டத்துக்குச் சுமார் 1.6 வோல்ட் வழியிலேயே தொலையும். 35 சதுர மி.மீ. ஒயரில் முக்கால் வோல்ட்தான். வோல்ட் குறைந்தால் மோட்டார் முனகும், சூடாகும், மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயின் முனைகள் கருகும்.

வெல்டிங் கேபிள் இதற்குப் பொருத்தமானது. வளையும், எளிதில் கிடைக்கும். ஆனால் அலுமினிய வெல்டிங் கேபிளும் அதே கறுப்பு உறையில் வருகிறது. முனையைச் சீவிப் பார்த்து, செம்பு நிறம் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். எதிர்முனை ஒயரையும் தனியாகவே இழுக்க வேண்டும். டிரெய்லர் இரும்புதானே, கப்ளிங் வழியாகத் திரும்பிவிடும் என்று நினைக்காதீர்கள். கிரீஸ் பூசிய கப்ளிங் 150 ஆம்பியரைத் தாங்காது.

எனக்குப் பிடித்த வழி, டிரெய்லரிலேயே ஒரு பேட்டரியை வைத்துவிடுவது. வின்ச்சிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் பெட்டிக்குள் ஒரு 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி. ஒயர் செலவு மிச்சம், பிக்கப்பின் பேட்டரியும் இறங்காது. ஒரு காரை ஏற்ற மூன்று நிமிடம், சராசரி 80 ஆம்பியர் என்று வைத்தாலும் 4 ஆம்பியர் மணிதான் செலவாகும். பட்டறையில் சார்ஜரில் போட்டால் நிரம்பிவிடும். பிக்கப்பிலிருந்தே சார்ஜ் ஏற்ற மெல்லிய ஒயர் ஒன்று இழுத்தால், வின்ச் ஓடும்போது அந்தப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் வின்ச் அந்த மெல்லிய ஒயர் வழியாகவும் உறிஞ்சும். ஃபியூஸ் போகும், ஃபியூஸ் வைக்காவிட்டால் ஒயரே எரியும்.

பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே வின்ச்சுக்குரிய அளவில் சர்க்யூட் பிரேக்கர், அதன் பின் கையால் திருகி அணைக்கும் பெரிய சுவிட்ச். சாலையில் போகும்போது அந்தச் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். ரிமோட்டின் பொத்தான் எங்காவது அழுந்தி, கட்டிய காரைத் தானாக இழுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் சோதனை

புதிய கயிறு உருளையில் தளர்வாகச் சுற்றியிருக்கும். அப்படியே சுமை கொடுத்தால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கு நடுவே புதைந்து சிக்கிக்கொள்ளும். சமதளத்தில் ஒரு காரில் மாட்டி, கைப்பிரேக்கை லேசாகப் பிடிக்கச் சொல்லி, ஒரு முறை இழுத்து இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். கயிறு உருளையின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். பெரும்பாலான வின்ச்களில் அடிப்பக்கமாக வர வேண்டும். தலைகீழாகச் சுற்றியிருந்தால் இழுக்கும், ஆனால் பிரேக் பிடிக்காது. வின்ச்சின் மேலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

அடுத்து பிரேக் சோதனை. காரைப் பாதிச் சாய்தளம் வரை ஏற்றி நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கட்டை வைத்துவிடுங்கள். உருளையின் விளிம்பிலும் அதன் எதிரே சட்டத்திலும் ஒரே நேராகச் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று டீ குடியுங்கள். திரும்பி வரும்போது இரண்டு கோடுகளும் நேராக இருக்க வேண்டும். விலகியிருந்தால் அந்த வின்ச்சைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஏற்றும் நாளில்

பிக்கப்பைக் கியரில் விட்டுக் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வால் கால்களை இறக்கிவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும். ஏறப்போகிற காரின் ஸ்டியரிங் பூட்டைத் திறந்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். கொக்கியைப் பம்பரிலோ சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையிலோ (லோயர் ஆர்ம்) மாட்டக்கூடாது. பல கார்களில் டூல்ஸ் பையில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியைத் திறந்து திருக வேண்டும். சில கார்களில் அது இடப்புறத் திருகு. இறுகவில்லையே என்று மரையைக் கெடுத்துவிடாதீர்கள். மின்சாரக் கார் என்றால் கையேட்டில் சொன்னபடிதான்; சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழலும்.

இழுக்கும்போது கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். புளி மூட்டைச் சாக்கு கனமாக இருக்கும், நல்லது. கயிறு அறுந்தால் அதன் வேகத்தைச் சாக்கு வாங்கிக்கொள்ளும். கயிற்றின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது. கயிற்றைத் தாண்டிப் போகவும் கூடாது. ஊருக்குள் ஏற்றும்போது பிள்ளைகள் கூடிவிடுவார்கள். நான் அவர்களில் பெரியவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுவேன்: மற்றவர்களை அந்த வேப்பமரத்துக்கு இப்பால் விடக்கூடாது. போலீஸ்காரர் நின்றால்கூட அவ்வளவு கண்டிப்பு இருக்காது.

ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். கார் தளத்தில் கோட்டைத் தொட்டதும் நான்கு சக்கரங்களையும் ராட்செட் பட்டைகளால் கட்டி இறுக்குங்கள். பிறகு வின்ச் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். பயணத்தில் காரைப் பிடித்திருக்க வேண்டியது பட்டைகள்; மேடு பள்ளத்தின் குலுக்கல் எல்லாம் வின்ச்சின் பற்சக்கரத்தில் விழக்கூடாது. முதல் பயணத்தில் 50 கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்திப் பட்டைகளையும் வின்ச் போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் உண்டு என்பதும், வின்ச்சும் பேட்டரியும் சேர்ந்து அதன் ஏற்று எடையில் 40 கிலோ வரை தின்னும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வின்ச் வந்த செய்தி ஊரில் பரவினால் உடனே ஒரு கோரிக்கை வரும். பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கிணற்று மோட்டார் உள்ளே மாட்டிக்கொண்டது, ஒரே ஒருமுறை இதை வைத்துத் தூக்கிக்கொள்கிறேன் அண்ணா என்றார். இழுக்கும் வின்ச் வேறு, தூக்கும் கருவி வேறு. உருண்டு வரும் சுமையைப் பிடிக்கச் செய்த பிரேக் தொங்கும் சுமைக்கு ஆகாது, கீழே கிணற்றில் ஆள் இறங்கி நின்றால் சொல்லவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முகம் வாடியது. சங்கிலியை இழுத்துச் சுமையைத் தூக்கும் என் செயின் பிளாக்கை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். மோட்டார் மேலே வந்துவிட்டதாம். செயின் பிளாக்தான் இன்னும் வந்து சேரவில்லை.